தரை வாங்கியவர்கள்

குழந்தைக்குத் தலை பின்னிவிடும்போதுதான் கவனித்தாள். இடது காதுத் தோடு வெளுத்திருந்தது.

வலது காதில் இருந்தது எப்போதும்போல மஞ்சளாக மின்னியது. இடது மட்டும் பழைய அலுமினியச் சட்டியின் அடியைப் போல மங்கிய வெள்ளையாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோ, சோப்பு நுரை காய்ந்ததோ என்று துணியால் துடைத்தாள், நகத்தால் சுரண்டினாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள். வெள்ளை போகவில்லை. வேறொருத்தியாக இருந்தால் நகைக்கடைக்காரன் பித்தளையைத் தலையில் கட்டிவிட்டான் என்று அப்போதே கிளம்பிப் போய்ச் சண்டை போட்டிருப்பாள். இவள் மண்ணுக்காரனின் மனைவி. தங்கம் எது பட்டால் வெளுக்கும் என்று இவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பாதரசம். ஆனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர்கள் பாதரசப் புட்டியைத் திறக்கவே இல்லை. அது கொல்லைக் கொட்டகையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"ஆடாம நில்லு வாலு" என்றாள். குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. வீட்டில் வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"நான் ஆடல. நீதான் இழுக்கறே" என்றது வாலு.

நகைப் பட்டறைகளில் அரம் தேய்க்கும்போது பொடி பறக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தங்கப் பொடி தரையில் விழும், கால்மிதியில் ஒட்டும், கை கழுவும் தொட்டியில் சேறாகப் படியும். அந்தக் குப்பையை வாங்கி எரித்து, அரைத்து, பாதரசம் விட்டு அலசுவதுதான் அவள் புருஷனின் பிழைப்பு. பாதரசம் மண்ணுக்குள் ஓடி, இருக்கிற தங்கத்தையெல்லாம் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வெள்ளை உருண்டையாகத் திரளும். உருண்டையைச் சுட்டால் பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும். மற்றவர்கள் பெருக்கித் தள்ளுவதில் இவர்கள் சாப்பிட்டார்கள். எப்போதாவது ஒரு பழைய பட்டறையை மூடுவார்கள். அப்போது குப்பை போதாது என்று தரையையே விலை பேசி வாங்குவதுண்டு. சிமென்டைப் பெயர்த்து, அதன் கீழே உள்ள செங்கல்லைப் பெயர்த்து, அதற்கும் கீழே உள்ள மண்ணை இடுப்பு ஆழத்துக்கு வாரிக்கொண்டு போவார்கள். இந்த வீடு அப்படி வந்தது. சுவரும் கூரையும் பட்டறைக்காரருடையவை, காலடியில் இருப்பது மட்டும் இவர்களுடையது. தோண்டி முடிக்கும்வரை இங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. முன்கூடத்தில் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். கடைசியாகத் தோண்டப்போகும் பின்னறையில் படுத்துக்கொண்டார்கள்.

தங்க மண் இருக்கும் வீட்டில் காற்று ஆகாது. ஊதிக்கொண்டு போய்விடும். அதனால் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத் துணியைச் செருகி, மின்விசிறிகளைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர்கள் வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளங்காலில் ஒட்டிய மண்கூட வெளியே போகக் கூடாது. வெயில் அடிக்கும் பகலிலும் உள்ளே மாலை நேரத்து மங்கல்தான். பழைய கரியும், தோண்டிய மண்ணின் ஈரமும், எப்போதோ சிந்திய ஆசிட்டும் கலந்த ஒரு வாடை நாக்கின் பின்பக்கம் துட்டுச் சுவையாகத் தங்கியது. அவளுக்கு இது பழகிய வாழ்க்கை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஜன்னல் திறந்த வீட்டில் தூங்கியதில்லை.

தோட்டைக் கழற்றிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனாள். அவன் இடுப்பளவுக் குழிக்குள் நின்று மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"புட்டியைத் திறந்தீங்களா?"

"சாவி உன்கிட்ட இருக்கு. நான் எப்படித் திறப்பேன்?"

தோட்டை நீட்டினாள். அவன் விரலில் உருட்டிப் பார்த்தான். பயப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் மலர்ந்தது.

"அப்போ கீழ இருக்குடி."

"எது?"

"பழைய சரக்கு. அந்தக் காலத்துல இவங்க பாதரசத்துலதான் முலாம் பூசியிருப்பாங்க. சிந்தினதெல்லாம் வெடிப்பு வழியா இறங்கி எங்கேயோ தேங்கி நிக்குது. சும்மாவா நிக்கும்? அத்தனை வருஷத் தங்கத்தையும் குடிச்சிட்டு நிக்கும்."

"அது கீழ நிக்கட்டும். குழந்தை காதுக்கு எப்படி ஏறுச்சு?"

"தரையில படுத்துப் புரள்றா. ஒரு துளி ஒட்டியிருக்கும்" என்றான். அடுப்பைப் பற்றவைத்துத் தோட்டை நெருப்பில் காட்டினான். வெள்ளை ஆவியாகப் போய் மஞ்சள் திரும்பியது. அவன் சிரித்துக்கொண்டே அதை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு தோடுகளுமே வெளுத்திருந்தன. குழந்தை அந்த இரவு தரையில் அல்ல, கட்டிலில்தான் படுத்திருந்தாள்.

சிதறிய பாதரசத்தைப் பிடிக்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. தங்கத்தைக் காட்டினால் போதும், அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவன் முன்கூடத்துக் குழியின் அடியில் கிண்ணம்போல ஒரு பள்ளம் செய்து, உளுந்தளவு தங்கத்தை நடுவில் வைத்தான். இரை என்று அதற்குப் பெயர் வைத்தான். அன்று மாலைக்குள் பள்ளத்தில் ஒரு துளி திரண்டிருந்தது. அடுத்த நாள் ஒரு கரண்டி அளவு. பிறகு கிண்ணம் நிரம்பிவிட்டது. அதைத் துணியில் கட்டிப் பிழிந்தபோது பாதரசம் நூலாக வடிந்துபோய், துணிக்குள் கெட்டியான வெள்ளை உருண்டை தங்கியது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"உட்கார்ந்த இடத்துல வருதுடி. தோண்டவே வேண்டாம்போல இருக்கு."

அவளும் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள் என்பதை மறைப்பதற்கில்லை. தோண்டித் தோண்டி அவன் முதுகு வளைந்துபோயிருந்தது. ஆனால் அன்று பிற்பகல் பின்னறையைக் கூட்டும்போது ஒன்றைப் பார்த்தாள். தரையில் கடுகளவுத் துளிகள் ஐந்தாறு உருண்டுகொண்டிருந்தன. அந்த வீட்டுத் தரை கொல்லைப் பக்கம் சரிவு. பட்டறையைக் கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வெளியேற வேண்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். துளிகள் கொல்லையிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. மேட்டை நோக்கி, அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

துடைப்பத்தால் தள்ளினாள். சரிவில் கொஞ்ச தூரம் ஓடின. நின்றன. திரும்பி வந்தன.

கட்டிலுக்குக் கீழே வாலு காதைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். உடம்பு குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"உருளுதும்மா" என்றது குழந்தை.

அவள் குழந்தையை வெளியே இழுத்தாள். பிறகு, ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே, தன் காதையும் தரையில் வைத்தாள். முதலில் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அது அடங்கிய பிறகு, எங்கோ ஆழத்தில், ஒரு பெரிய தட்டை மெல்லச் சாய்த்தால் அதன் மேலிருக்கும் மணிகளெல்லாம் ஒரு பக்கமாக ஓடுமே, அந்தச் சத்தம். ஒரு பக்கம் ஓடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் ஓடியது. யாரோ வீட்டுக்கு அடியில் தட்டைச் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடுகிறாற்போல இருந்தது. அவளும் தினமும் அப்படித்தான் மண்ணை அலசுவாள்.

அன்று சாயங்காலம் பள்ளத்திலிருந்த இரையைக் காணவில்லை.

அவன் குழிக்குள் மண்டியிட்டுத் தேடினான். பாதரசம் அப்படியே இருந்தது. நடுவில் மிட்டாய் அளவுக்கு ஊறி வெளுத்துக் கிடந்த தங்கம் மட்டும் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். வாலு குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நாக்கால் மேலண்ணத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"வாயைத் திற. திறடி!"

"மிட்டாய்னு நெனச்சேன். இனிக்கவே இல்ல."

ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓட, அவள் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் படத்தை மாட்டி, வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை, காசை முழுங்கும், பட்டனை முழுங்கும், எல்லாம் தானாக வெளியே வந்துவிடும், வாழைப்பழம் கொடுங்கள் என்றார். அவர் சொன்ன விதத்தில் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்கள். தோலைத் தரையில் போடாதே என்று வாலு அப்பாவுக்குப் புத்தி சொன்னாள்.

அதன் பிறகு காலையில் அவளுக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. குழந்தை வெளிக்குப் போனதை, மண்ணை அலசும் அதே தட்டில் போட்டு, அதே கை நெளிவோடு அலசினாள். மண்ணில் கலந்த தூசியளவு தங்கத்தைக்கூடப் பிரித்து எடுக்கிற கை அது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது, எந்தத் தாயும் செய்வாள். தட்டின் விளிம்பில் ஒரு மினுக்கம் தெரிய வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் தெளிவாக வடிந்தது. ஒவ்வொரு நாளும் தெளிவாகத்தான் வடிந்தது.

வாலு சாப்பிட்டாள், விளையாடினாள், எதிர்ப்பேச்சுப் பேசினாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. ஆனால் ஒரு நாள் குளிப்பாட்டி இடுப்பில் தூக்கி வைக்கும்போது அவளுக்கு முதுகில் சுளுக்கிக்கொண்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள், வளர்கிற பிள்ளை என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த முறை தூக்கும்போது முழங்கால் மடங்கியது. குழந்தையின் கை அதே மெலிந்த கைதான், விலா எலும்பை எண்ணலாம். கட்டில் பலகை கிரீச்சிட்டது. ஓடும்போது அந்தப் பாதங்கள் தரையில் விழும் சத்தம் கடப்பாரையைப் போடுவது போலக் கேட்டது. பாதரசப் புட்டியை முதல்முறை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும். சின்னப் புட்டிதானே என்று எடுக்கப் போவார்கள், கை கீழே போகும். அவளுக்கு அந்தக் கனம் தெரியும். தன் குழந்தையைத் தூக்கும்போது அதே கனம் கையில் இறங்கியது.

அவனிடம் சொன்னாள். அவன் வாலுவைத் தூக்கிப் பார்த்தான். முகம் சுண்டியது. ஆனாலும் இறக்கிவிட்டு, "நான் நாள் முழுக்கத் தோண்டின களைப்புல இருக்கேன்" என்றான்.

துளிகள் இப்போது ஒளிவுமறைவில்லாமல் வந்தன. சமையல் மேடைக்குக் கீழிருந்து வந்தன. சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்து வந்தன. வாலு எங்கே உட்கார்ந்தாலும் அவளைச் சுற்றி வந்து நின்றன. தொடவில்லை. ஒரு சாண் தள்ளி, வட்டமாக. குழந்தை இடம் மாறினால் வட்டமும் மாறியது. துடைப்பம், ஈரத் துணி, வாளி என்று அவள் நாள் முழுக்க வாரிக் கொல்லையில் கொட்டினாள். கொல்லையில் ஒரு துளிகூடத் தங்கவில்லை. கொட்டியது எல்லாம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்திருந்தது.

தங்கத்தைத் தேடித்தானே வருகிறது என்று யோசித்தாள். தங்கத்தைக் கொடுத்துவிடுவோம். மண்ணுக்காரன் மனைவிக்கு வரக்கூடிய யோசனை அதுதான். தன் கழுத்துச் சங்கிலியைத் தாலியோடு கழற்றினாள். வளையலை, மூக்குத்தியை, குழந்தையின் தோடுகளை, பீரோவுக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த மோதிரத்தை எடுத்தாள். எல்லாவற்றையும் முன்கூடத்துக் குழியில் கொண்டுபோய்ப் போட்டாள். அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அது பலித்தது. பின்னறையில் இருந்த வட்டம் கலைந்தது. துளிகள் வரிசையாகக் கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி, குழிக்குள் இறங்கிப் போயின. அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. வாலுவைக் கட்டிக்கொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். குழியில் நகை எதுவும் இல்லை. வெள்ளை உருண்டைகூட இல்லை. அடிமண்ணே தெரியாமல் முழங்கால் ஆழத்துக்குப் பாதரசம் நின்றது, கண்ணாடி போட்டாற்போல. தீனி போட்டு வளர்த்திருக்கிறோம் என்று புரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து முதல் துளி மேலே ஏறி, பின்னறைப் பக்கம் திரும்பியது.

பட்டறைக்காரர் வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தன, எல்லா விசிறியும் சுற்றின. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் அவள் நின்றபடியே சொன்னாள். தரை வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கீழே இருப்பதை என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள், குழந்தையை விடமாட்டேன் என்கிறது.

பேப்பர் அவர் கையிலிருந்து மடியில் விழுந்தது.

"எந்தக் குழந்தை?"

"என் பொண்ணுதாங்க. ஆறு வயசு."

"குழந்தை இருக்கிற குடும்பத்துக்குத் தரமாட்டேன்னு சொல்லித்தானேம்மா பேசினேன். உன் வீட்டுக்காரர் இல்லைன்னாரே. இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணாரே."

ஏன் என்று கேட்க வாயெடுத்தாள்.

"ஏன்னு கேக்காதே" என்றார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. எங்க அப்பா வீட்லயும். நீ இங்க நின்னு பேசிட்டு இருக்காதே, போ."

ஓடினாள். வானம் கறுத்து மழைக்கு இறங்கியிருந்தது. வாசல் தொட்டியில் தண்ணீர் தளும்பிச் சிந்திக்கொண்டிருந்தது, காற்றே இல்லாமல். அவன் பின்னறையில் இருந்தான். வாலுவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கட்டில் உடைந்து பலகைகள் சிதறிக் கிடந்தன. குழந்தை தரையில், பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தை இல்லைன்னு சொன்னீங்களா?"

அவன் நிமிரவில்லை. "ஏதோ சாஸ்திரம் பேசறார்னு நெனச்சேன். இந்த மாதிரித் தரை திரும்பக் கிடைக்காதுடி." பிறகு அவன் குரல் உடைந்தது. "நகர மாட்டேங்கறா. ஒரு விரக்கடைகூட நகர மாட்டேங்கறா."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அவள் தோள்பக்கம், அவன் கால்பக்கம். பாய்தான் கிழிந்தது. வலிக்குது, விடுங்க என்று வாலு கத்தியதும் விட்டுவிட்டார்கள். அவன் வண்டியும் நாலு ஆட்களும் கூட்டி வருகிறேன் என்று வெளியே ஓடினான். போகிறவன் பழக்கதோஷத்தில் தொட்டியில் காலை விட்டுக் கழுவினான். அந்த நேரத்திலும். அவளுக்கு அவனை அடித்துக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

மழை கூரையில் இறங்கியது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் இடுக்கிலிருந்த ஈரத் துணிகளைப் பிடுங்கி எறிந்து கதவுகளைத் திறந்தாள். வெளிச்சம் வந்தது. காற்று வரவில்லை. மழைச் சாரல் ஜன்னல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றது. அவள் குழந்தையின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் முதுகு ஜில்லென்று இருந்தது.

"அம்மா."

"சொல்லுடா கண்ணு."

"உருள்றது நின்னுடுச்சு."

காது கொடுத்துக் கேட்டாள். உண்மைதான். வீட்டுக்கு அடியில் சத்தமே இல்லை. தேடியது கிடைத்துவிட்டால் தட்டைச் சாய்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

"இப்போ அப்பா வந்துடுவார். ஆட்கள் வருவாங்க. தூக்கிட்டுப் போயிடலாம். பெரியம்மா வீட்டுக்குப் போயிடலாம்."

"அங்க விசிறி இருக்கா?"

"இருக்கு. மூணு விசிறி இருக்கு."

சிமென்டில் ஒரு கோடு விழுந்தது. வாலுவின் முழங்காலுக்குக் கீழிருந்து சுவர்வரை, யாரோ பென்சிலால் இழுத்தாற்போல. பிறகு இன்னொன்று. துண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகின. இடைவெளியில் மண் தெரியவில்லை. செங்கல் தெரியவில்லை. வெளிச்சம் தெரிந்தது. ஜன்னலில் நின்ற மழை வெளிச்சம், தலைகீழாக.

கட்டிக்கொண்ட கைகளை இன்னும் இறுக்கினாள். குழந்தை கீழே போனாள். மெதுவாக. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி. இடுப்புவரை. சிதறவில்லை, அலை எழவில்லை.

"அம்மா, சில்லுனு இருக்கு."

"பிடிச்சுக்கோ. கழுத்தைப் பிடிச்சுக்கோ."

வாலு திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கனத்தில் அவள் முகம் குழந்தையின் முகத்தோடு மோதியது. பற்களில் இரத்தம். மார்புவரை. தோள்வரை. குழந்தை அழவில்லை, அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தாள். அந்தக் கண்ணில் அது தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கைகள் கழுத்திலிருந்து நழுவின.

மூடிக்கொண்டது. சமமாக. ஒரு சுருக்கம் இல்லாமல்.

அவள் பாய்ந்தாள். தலையை முன்னால் கொடுத்து, முழு உடம்போடு விழுந்தாள். அது அவளைத் தாங்கிக்கொண்டது. மெத்தைமேல் விழுந்தவளைப் போல மேலேயே கிடந்தாள். கைகளைத் தோள்வரை அழுத்தி உள்ளே விட்டாள். விரல் நுனி எதையும் தொடுவதற்குள் கைகள் வெளியே தள்ளப்பட்டன. மறுபடியும் விட்டாள். மறுபடியும். பாதரசத்தில் மனிதர் மூழ்க முடியாது. கல் மிதக்கும், இரும்பு மிதக்கும். கடப்பாரையை மார்போடு கட்டிக்கொண்டு உருண்டாள், கடப்பாரையும் மிதந்தது. அம்மிக்கல்லை இழுத்து வந்து அணைத்துக்கொண்டு விழுந்தாள், அம்மிக்கல்லும் மிதந்தது. தங்கம் ஒன்றுதான் அதில் அடிவரை போகும். அவளிடம் ஒரு பொட்டுத் தங்கம் மிச்சமில்லை. குழந்தையைக் காப்பாற்ற எல்லாவற்றையும் அவளே கழற்றிப் போட்டிருந்தாள்.

தெருவில் வண்டி வந்து நின்றது. ஆட்களின் பேச்சுக் குரல். அவன் அவளைக் கூப்பிடுவது கேட்டது. கன்னத்தை அதன்மேல் வைத்து, "வாலு, வாலு" என்று முணுமுணுத்தாள்.

கன்னத்துக்கு அடியில் ஏதோ தட்டியது.

தலையைத் தூக்கினாள். பளபளப்பான பரப்பில் ஐந்து சின்ன மேடுகள் எழும்பியிருந்தன. ஐந்து விரல்கள். கீழேயிருந்து ஒரு உள்ளங்கை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள், அது திரும்ப அழுத்தியது. "இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று கத்தினாள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை எழும்பியது. பிறகு சுவரோரம் ஒன்று. கதவருகே இரண்டு. அறை முழுக்க, நடைவரைக்கும், எல்லாம் சின்னக் கைகள், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் கீழேயிருந்து அழுத்திக்கொண்டிருந்தன. அவள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தவழ்ந்தாள். தொட்டாள். தொட்டதெல்லாம் அவள் கையை அழுத்தியது.

எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.